மிச்சக் காசுக்கு ஒரு எஸ்எம்பிஎஸ்

2000-களின் தொடக்கத்தில் கம்பத்தில் கம்ப்யூட்டர் வாங்கிய யாரும் எஸ்எம்பிஎஸ் வாங்கியதில்லை. கேபினட் வாங்கினோம், உள்ளுறுப்புகளுக்கெல்லாம் மின்சாரம் பங்கிடும் அந்தத் தகரப் பெட்டி அதற்குள் ஏற்கெனவே குடியிருந்தது. கொட்டேஷன் பேப்பரில் பிராசஸர், மதர்போர்டு, ராம், ஹார்டு டிஸ்க், மானிட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி, தனி விலை. கடைசி வரியில் கேபினட்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் ஒன்றாகக் கட்டி ஒரு தொகை. பேரம் பேசி அந்தத் தொகையிலும் நூறு ரூபாய் குறைப்போம். பெட்டியின் முகப்பில் நீல விளக்கு எரிந்தால் வியாபாரம் முடிந்தது.

கம்பராயப் பெருமாள் கோயில் பக்கம் ஒரு மாடியில் எனக்கு அப்போது கல்யாண வீடியோ மிக்சிங் கடை. மினி டிவி (Mini DV) கேசட்டில் எடுத்து வந்ததை ஃபயர்வயர் கார்டு வழியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தாலி கட்டும் இடத்தில் ரோஜாப்பூ பறக்கவிட்டு, மாப்பிள்ளை முகத்தை இதயத்துக்குள் அடைத்து, சிடியில் இறக்கிக் கொடுப்போம். உத்தமபாளையத்திலிருந்தும் காமயகவுண்டன்பட்டியிலிருந்தும் ஆள் வருவார்கள். பன்னீர் திராட்சைக்கு நல்ல விலை கிடைத்த வருஷத்தில் கல்யாண கேசட் நீளமாக இருக்கும். விலை விழுந்த வருஷத்தில் அதே கல்யாணம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கிராபிக்ஸ் கார்டு என்பது அன்றைக்கு ஓர் அந்தஸ்து. வேலைக்கு அது அவ்வளவாகத் தேவைப்படவில்லை. ஜிஃபோர்ஸ் 2 எம்எக்ஸ் 400, பிறகு எஃப்எக்ஸ் 5200 என்று ஏஜிபி ஸ்லாட்டில் செருகுகிற சின்னச் சின்ன அட்டைகள். ரெண்டரிங் முழுவதையும் பிராசஸரே இழுத்துக்கொண்டு போகும். கார்டின் வேலை படத்தை மானிட்டரில் காட்டுவதும், கடை பூட்டிய பிறகு பையன்கள் வைஸ் சிட்டி விளையாட உதவுவதும்தான். அதற்கென்று தனியாக ஒயர் எதுவும் மாட்ட வேண்டியதில்லை. ஸ்லாட்டில் வருகிற மின்சாரத்தைக் குடித்துவிட்டுப் பேசாமல் கிடக்கும். அதனால் கார்டு மாற்றும்போது எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றலாமா என்ற கேள்வியே எங்களுக்கு எழவில்லை. எழாத கேள்விக்குப் பதில் தேடி யாரும் தூக்கம் கெட்டதில்லை.

எஸ்எம்பிஎஸ் மாற்றுவது என்றால் அது செத்த பிறகு மாற்றுவதுதான். சாவு அடிக்கடி வந்தது. சின்னமனூரிலிருந்து டிவிஎஸ் 50-யில் வருகிற மெக்கானிக் தம்பி, பையில் எப்போதும் ஒன்றை வைத்திருப்பார். தரம் பார்க்க அவரிடம் ஒரே கருவி, கை. தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் நல்ல சரக்கு. இந்தப் பரிசோதனையை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. உள்ளே டிரான்ஸ்ஃபார்மரும் காயிலும் ஹீட் சிங்க்கும் பெரிதாக இருந்தால் கனம் கூடத்தான் செய்யும். ஆனால் இந்தப் பரிசோதனை நம் மெக்கானிக்குக்குத் தெரிந்த மாதிரியே, போலி தயாரிக்கிறவர்களுக்கும் தெரிந்திருந்தது. கனத்துக்காகவே உள்ளே வெறும் எடையை வைத்து மூடிய பெட்டிகளும் உலகச் சந்தையில் உலா வந்திருக்கின்றன.

கனத்துக்கு அடுத்தபடியாக ஸ்டிக்கர். எல்லாவற்றிலும் 450 வாட்ஸ் என்று இருக்கும். அந்த ஸ்டிக்கரின் கீழ்ப் பாதியை யாராவது படித்திருந்தால் பொழுது சுவாரசியமாகப் போயிருக்கும். 3.3 வோல்ட்டுக்கு இத்தனை ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு இத்தனை, 12 வோல்ட்டுக்கு இத்தனை என்று ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். 12 வோல்ட் கட்டத்தில் 14 ஆம்பியர் என்றிருந்தால் கணக்கு 168 வாட். மற்றதெல்லாம் 5 வோல்ட்டிலும் 3.3-லும் குவிந்து கிடக்கும். மூன்றையும் ஒரே நேரத்தில் முழுசாக இழுக்க முடியாது என்பது இன்னும் சின்ன எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. 1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் அமைப்பைக் கொண்டுவந்தபோது கம்ப்யூட்டரின் பசி பெரும்பாலும் 5 வோல்ட்டிலும் 3.3-லும்தான் இருந்தது. 2000-ல் பென்டியம் 4 வந்து, சதுரமான நாலு பின் ஒயரில் 12 வோல்ட்டைத் தனியாகக் கேட்டது. பசி அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது; மலிவு எஸ்எம்பிஎஸ்கள் பழைய பந்தியிலேயே பரிமாறிக்கொண்டிருந்தன.

மெஷின் பாதி ரெண்டரிங்கில் அணைந்து மறுபடி உயிர் பெற்றால் அன்றைய மருத்துவம் இப்படிப் போகும். முதலில் வைரஸ் என்பார்கள். ஃபார்மட் அடித்து விண்டோஸ் எக்ஸ்பி போடுவார்கள். சரியாகாது. ராமைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளையின் அழிரப்பரை வாங்கி, தங்க நிறப் பல்வரிசையைப் பளபளவென்று தேய்த்து மாட்டுவார்கள். இரண்டு நாள் ஓடும். மறுபடி அணையும். மறுபடி ஃபார்மட். கல்யாண வீட்டுக்காரர் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். எல்லா உறுப்பையும் சந்தேகித்து முடித்த பிறகுதான் பின்பக்கம் மேலே மாட்டியிருக்கும் தகரப் பெட்டியின்மீது கண் விழும். கழற்றித் திறந்தால் கெப்பாசிட்டர்களின் தலை உப்பி, பழுப்பாக ஏதோ கசிந்திருக்கும். எங்கள் ஊர் மெக்கானிக்குகளுக்கு மட்டும் வந்த கஷ்டமல்ல இது. 1999 முதல் 2007 வாக்கில் உலகம் முழுக்க மதர்போர்டுகளிலும் எஸ்எம்பிஎஸ்களிலும் மட்டமான கெப்பாசிட்டர்கள் கொத்துக்கொத்தாக வெடித்து, பெரிய கம்பெனிகளெல்லாம் தலையில் கை வைத்த காலம். எங்களிடம் அழிரப்பர் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு நோயும் இருந்தது. கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை கரண்ட் லைனுக்கும் தகரப் பெட்டிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். எர்த் ஒழுங்காக இருந்தால் கசிகிற துளி மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாத வீட்டில் பெட்டி முழுவதும் மின் அழுத்தத்தில் பாதியளவு ஏறி மிதக்கும்; தொடுகிறவன்தான் எர்த். எங்கள் கட்டடத்தில் மூணு பின் ப்ளக் இருந்தது. மூணாவது பின்னுக்குப் பின்னால் ஒயர் இல்லை. தீர்வு உடனே கண்டுபிடிக்கப்பட்டது. சரஸ்வதி குடியிருக்கும் இடம் என்று வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர்களுக்கு, மிக்சிங் ரூமுக்குள் மட்டும் ரப்பர் செருப்பு கட்டாயம் என்று ஆக்கினோம்.

கரண்ட் பேச்சு வந்த இந்த இடத்தில் லோயர் கேம்ப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் கம்பம் பள்ளத்தாக்குக்காரன் ஆகமாட்டேன். கம்பத்திலிருந்து கூடலூர் தாண்டிக் குமுளி மலை ஏறும்போது, சரிவில் பெரிய இரும்புக் குழாய்கள் இறங்கி வருவது தெரியும். 1895-ல் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, அந்தக் குழாய்களில் விழுந்து, அடிவாரத்தில் பெரியாறு மின்நிலையத்தைச் சுற்றவைத்துவிட்டுத்தான் வயலுக்கு வருகிறது. 1950-களின் கடைசியில் தொடங்கிய நிலையம். 35 மெகாவாட் வீதம் நான்கு எந்திரங்கள், 140 மெகாவாட். பிற்பாடு எந்திரங்களைப் புதுப்பித்து, எந்திரத்துக்கு 42 மெகாவாட் வரை உயர்த்தினார்கள். எங்கள் தாத்தாமார்கள் வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீரில் மின்சாரத்தை உருவி எடுத்துவிட்டார்கள், சத்து போய்விட்டது என்று புகார் சொன்னவர்கள் ஊரில் உண்டு. 

அந்த மின்நிலையத்தின் காலடியில் உட்கார்ந்துகொண்டு 2012-ல் நாங்கள் மெழுகுவர்த்தி வாங்கினோம். சென்னைக்கு 2 மணி நேரம், மற்ற ஊர்களுக்கு 4 மணி நேரம் மின்வெட்டு என்பது அறிவிப்பு. அனுபவம் வேறு. மற்ற ஊர்கள் பலவற்றில் ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் கிடையாது. மலையிலிருந்து இறங்குகிற மின்சாரம் ஒட்டுமொத்தத் தொகுப்புக்குப் போய்ச் சேர்கிறது, பக்கத்து வீடு என்று அது சலுகை காட்டாது என்ற பௌதிகம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் இருட்டில் குழாய்களின் பக்கம் திரும்பிப் பார்த்துத் திட்டுவதில் ஓர் ஆறுதல் இருந்தது. 2013 ஜனவரியில் லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் திறந்தார்கள். விழாவை வீடியோ எடுத்தவர்கள் அதை எப்போது கரண்ட் பார்த்து எடிட் செய்தார்களோ, தெரிந்த தொழில் என்பதால் அந்தக் கவலை எனக்கு வந்தது.

மின்வெட்டு எஸ்எம்பிஎஸ்ஸை இரண்டு விதமாகத் தின்னும். கரண்ட் போவதில் பெரிய ஆபத்தில்லை, ரெண்டரிங் 98 சதவீதத்தில் போவதைத் தவிர. திரும்பி வரும்போதுதான் ஆபத்து. ஊரில் உள்ள ஃபிரிஜ்ஜும் மோட்டாரும் ஒன்றாக விழித்துக்கொண்டு, லைன் மேலும் கீழும் துள்ளும். அடுத்தது லோ வோல்டேஜ். தோட்டங்களுக்கு மும்முனை கரண்ட் விட்டதும் கம்ப்ரசரும் மோட்டாரும் இழுக்க, கடைக்கு 170, 180 வோல்ட்தான் வரும். பல்பாக இருந்தால் மங்கிக்கொள்ளும், வேலையைக் குறைத்துக்கொள்ளும். எஸ்எம்பிஎஸ் அப்படிச் செய்யாது. உள்ளே கேட்கிற வாட்ஸைக் கொடுத்தே தீருவேன் என்று, வோல்ட் குறையக் குறைய ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். ஆம்பியர் கூடினால் சூடு. சூடு கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் குறையும். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது பொதுக்கணக்கு.

அந்தக் காலத்தில்தான், 2013-ல், நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்று கடைக்கு வந்தது. 550 வாட்ஸ், 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) சான்று, ஐந்து வருஷ வாரண்டி, கழற்றி மாட்டுகிற மாடுலர் கேபிள்கள். தரம் பார்த்து வாங்கினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அந்த ஐப்பசியில் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு பெரிய இடத்துக் கல்யாணம் அமைந்தது. பிராசஸர், போர்டு எல்லாம் வாங்கிய பிறகும் மிச்சக் காசு கொஞ்சம் பெரிதாக இருந்தது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வந்தது. கம்பத்துக்கு ரயில் கிடையாது, எல்லாம் பஸ்ஸிலும் லாரியிலும்தான். பெட்டியைப் பிரித்தபோது பக்கத்து ஸ்டுடியோக்காரர் விலையைக் கேட்டுவிட்டு, "இந்தக் காசுக்கு மூணு எஸ்எம்பிஎஸ் வரும்ல அண்ணே?" என்றார். வரும். மூன்றும் வரிசையாகச் சாகும்.

அதில் 2014-ல் ஜிடிஎக்ஸ் 750 டிஐ போட்டேன். மொத்தமே 60 வாட். தனி ஒயர் கிடையாது. மட்டமான எஸ்எம்பிஎஸ் வைத்திருந்த இந்தியா முழுவதும் அந்தக் கார்டைக் கொண்டாடியதற்குக் காரணம் அதன் வேகம் மட்டுமல்ல. ஸ்லாட் 75 வாட் வரை தரலாம், அதற்குள் அடங்கிவிட்டது. பின்பக்கத் தகரப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்தவில்லை. நல்ல எஸ்எம்பிஎஸ் வைத்திருந்த நான் அதற்குச் சாப்பாடே போடவில்லை என்பது வேறு கதை.

பத்து வருஷம் கழித்து, 2024. கடை இன்னும் இருக்கிறது. நடத்துவது அக்கா மகன், எனக்கு மாப்பிள்ளை. போர்டும் பிராசஸரும் ரைசன் 5 3600-ஆக மாறிவிட்டன. ஹார்டு டிஸ்க் போய் எஸ்எஸ்டி வந்துவிட்டது. 750 டிஐ-யும் 2013 எஸ்எம்பிஎஸ்ஸும் மட்டும் பழைய ஆட்கள். ட்ரோன் எடுத்துவரும் 4கே கோப்புகளை டாவின்சி ரிசால்வில் போட்டுக் கலர் பார்க்க 750 டிஐ திணறியது. அதன் மெமரி 2 ஜிபி. இன்றைக்கு ரிசால்வ் சும்மா திறந்து கொட்டாவி விடுவதற்கே அவ்வளவு கேட்கும். காலம் தலைகீழாகிவிட்டது. அன்றைக்குப் பிராசஸர் உழுதது, கார்டு வேடிக்கை பார்த்தது. இன்றைக்கு உழுவது கார்டு.

மாப்பிள்ளைக்கு இந்த விஷயத்தில் தெரியாதது ஒன்றுமில்லை. அந்தக் காலத்து நாங்கள் தெரியாமல் செய்ததை அவன் முழு விவரத்தோடு செய்தான் என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

போனில் வாட்ஸ் கணக்குப் போடுகிற பக்கம் ஒன்றைத் திறந்தான். ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட். ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 தான், பிந்தி வந்தும் பசி குறைவு. ஆனால் 4060-க்கு மெமரி 8 ஜிபி, 3060-க்கு 12. ரிசால்வுக்கும், அவன் இரவில் கம்ப்யூட்டரைப் படம் வரையச் சொல்லி விளையாடுகிற ஏஐ விவகாரத்துக்கும் 12 வேண்டும் என்றான். பிராசஸர் முழு வேகத்தில் 90 வாட் வாக்கில், போர்டும் டிஸ்க்கும் ஃபேனும் சேர்ந்து 50, கார்டு 170. மொத்தம் 310. நம்மிடம் 550.

"பாதிக்குச் சொச்சம்தான் மாமா. கம்பெனிக்காரனே இந்தக் கார்டுக்கு 550 வாட்ஸ் போதும்னுதான் போட்டிருக்கான்."

அவன் சொன்ன எண் சரி. அந்த எண்ணின் நடத்தைதான் எனக்குச் சிரிப்பு. 310 வாட் கேட்கும் மெஷினுக்கு ஏன் 550 சொல்கிறான் கார்டு விற்கிறவன்? வாங்குகிறவனிடம் என்ன எஸ்எம்பிஎஸ் இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. ஸ்டிக்கரில் 550 என்று எழுதி 350 தருகிற பெட்டியும் இருக்கலாம். பொய்க்கும் சேர்த்து எழுதிய எண் அது. உண்மை பேசுகிற எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவனும் அந்தப் பொய்க்கான கட்டணத்தைக் கட்டுகிறான். என்னைக் கேட்டால், வாட்ஸைப் பொறுத்தவரை மாப்பிள்ளை ஜெயித்துவிட்டான். பழசு தரமான சரக்கு, 12 வோல்ட்டில் போதிய ஆம்பியர், கார்டு கேட்கும் எட்டு பின் ஒயர் அதிலேயே சொந்தமாக இருக்கிறது. மோலெக்ஸில் மாட்டி மாற்றிக்கொள்ளும் ஒட்டுப் போட்ட ஒயர் தேவையில்லை. இதே எஸ்எம்பிஎஸ் மூன்று நான்கு வயதாக இருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

வயதுதான் விவகாரம். வாரண்டி 2018-ல் முடிந்துவிட்டது. மின்வெட்டுக் காலத்தில் பிறந்து, 170 வோல்ட்டில் வளர்ந்து, கோயில் தெருவின் தூசியைப் பத்து வருஷம் சுவாசித்த பெட்டி. கெப்பாசிட்டருக்குள் இருக்கும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உலரும். தலை உப்பினால்தான் கெட்டுவிட்டது என்றில்லை. பார்க்க ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டே கொள்ளளவு இழந்திருக்கும். 60 வாட் கார்டுக்கு அது தெரியவே தெரியாது. இந்தத் தலைமுறைக் கார்டுகள் சராசரியாக 170 என்று சொல்லிக்கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு அதைவிட வெகுவாக எகிறிக் குதிக்கும். இந்தக் குதிப்பு பெரிய தலைவலியானதால்தான் இன்டெல் 2022-ல் ஏடிஎக்ஸ் 3.0 விதியில், எஸ்எம்பிஎஸ் தன் அளவைப் போல் இரு மடங்கை 100 மைக்ரோ செகண்டுக்குத் தாங்க வேண்டும் என்று எழுதியது. 2013 பெட்டிக்கு இந்த விதி தெரியாது. அது பிறந்தபோது கார்டுகள் இவ்வளவு துள்ளவில்லை.

மாப்பிள்ளை மல்டிமீட்டரை எடுத்து வந்தான். மஞ்சள் ஒயரில் குத்தினான். "12.1! விதிப்படி 11.4-லேருந்து 12.6 வரைக்கும் இருக்கலாம். கச்சிதமா இருக்கு." இருக்கும். சும்மா கிடக்கும்போது எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் நல்ல பிள்ளைதான். மல்டிமீட்டர் சராசரியைச் சொல்லும். அந்த 12.1-க்கு அடியில் ஓடும் நடுக்கத்தைச் சொல்லாது. 12 வோல்ட்டில் அந்த நடுக்கம் 120 மில்லி வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு, அதைப் பார்க்க ஆஸிலாஸ்கோப் வேண்டும். கல்யாண வீடியோ கடையில் ஆஸிலாஸ்கோப்புக்கு எங்கே போவது?

இதையெல்லாம் நான் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா வெற்றிலைப் பையோடு கேட்டுக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயதில் அவருக்குப் புரிந்தது அவ்வளவும் ஒரே வரியில் வந்தது. "ஏண்டா, உங்கப்பா போர் ஆழமாப் போச்சுன்னு அஞ்சு ஹெச்பிய எடுத்துட்டு ஏழரை ஹெச்பி எறக்குனாருல்ல, அப்ப பழைய ஒயரும் ஸ்டார்ட்டரும் கெடக்கட்டும்னா விட்டாரு? ரெண்டு மூட்டை ஏலக்கா வித்த காசு ஒயருக்கே போச்சு."

"அம்மாச்சி, அது மோட்டாரு. இது டிசி."

"என்ன சீயோ. எரிஞ்சா ரெண்டும் ஒரே நாத்தம்தான்."

அவன் அசரவில்லை. அவனுடைய தடை பொறியியல் தடை அல்ல, பொருளாதாரம். கார்டுக்கே 25,000 ரூபாய்க்கு மேல். கார்டு வாங்கினால் வேகம் தெரியும், நண்பர்களிடம் காட்டலாம், கண்ணாடிக் கதவு வைத்த கேபினட்டில் விளக்கு மாறி மாறி எரியும். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 5,000 சொச்சம் கொடுத்தால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் அதன் வேலை. இன்றைய கேபினட்டுகளில் அதற்கு அடியில் ஒரு மூடிய அறை கட்டி, கண்ணுக்கே தெரியாமல் வைத்துவிடுகிறார்கள். அன்றைக்காவது பின்பக்கம் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. "மிச்சம் இருந்தா பாக்கலாம் மாமா" என்றான். இருபது வருஷத்தில் சொல் மாறவில்லை.

கார்டு வந்தது. மாட்டினான். ஓடியது. நான் எதிர்பார்த்த வாசனை வரவில்லை, சத்தம் வரவில்லை. 750 டிஐ-யில் டீ குடித்துவிட்டு வரும் அளவு இழுத்த வேலை, நாற்காலியில் சாய்வதற்குள் முடிந்தது. மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் 550 வாட்ஸ் இருந்தது.

அவனை மாற்றியது என் கெப்பாசிட்டர் பாடமும் அல்ல, அம்மாச்சியின் ஸ்டார்ட்டரும் அல்ல. ஓர் இரவு எங்கோ ஒரு வெளிநாட்டுக்காரன் வீடியோ பார்த்திருக்கிறான். 2022 கடைசியில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த புதிதில், அதன் பதினாறு பின் இணைப்பு சிலரிடம் உருகிப்போன கதை. அது 450 வாட் இழுக்கிற கார்டு. அந்த ஒற்றை இணைப்பு 600 வாட் வரை சுமக்கலாம் என்று வடிவமைத்தது. சரியாக உள்ளே அழுத்திச் செருகாததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. நம் 3060-யில் அந்த இணைப்பே கிடையாது. பழைய காலத்து எட்டு பின், அதிகபட்சம் 150 வாட், மிச்சம் ஸ்லாட்டிலிருந்து. உருகிய படத்துக்கும் நம் மெஷினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். விடிவதற்குள் 750 வாட்ஸ் கோல்டு ஒன்றை ஆர்டர் போட்டுவிட்டான். நியாயமான காரணம் சொன்னபோது ஐயாயிரத்துக்கு மூக்கால் அழுதவன், சம்பந்தமில்லாத பயத்துக்குப் பத்தாயிரத்தை நெருங்கினான். நான் வாயைத் திறக்கவில்லை. எந்த வழியாக வந்தாலும் புது எஸ்எம்பிஎஸ் வந்தால் சரி.

மாட்டும்போது ஒரு விஷயத்தில் மட்டும் அதட்டினேன். கேபினட்டுக்குள் பழைய கேபிள்களை அழகாக மடித்துக் கட்டி வைத்திருந்தான். அதை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றப் பார்த்தான். மாடுலர் கேபிளில் இது கொலைபாதகம். கார்டு பக்கம் இருக்கும் முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பக்கம் இருக்கும் முனைக்குப் பொது விதியே இல்லை. ஒருவன் 12 வோல்ட் விடும் ஓட்டையில் இன்னொருவன் 5 வோல்ட் விடுவான். முனை பொருந்தும், சுவிட்சைப் போட்டதும் எஸ்எஸ்டி கல்யாணத்தோடு போய்ச் சேரும். எல்லாவற்றையும் உருவச் சொன்னேன். அவனுக்கு வருத்தம், அவ்வளவு அழகாகக் கட்டியிருந்தான்.

புது எஸ்எம்பிஎஸ் அமைதியாக உட்கார்ந்தது. அன்று சாயங்காலமே கரண்ட் போனது. இப்போதெல்லாம் மாதப் பராமரிப்பு, காற்று மழை என்று அவ்வப்போதுதான். பழைய 600 விஏ யுபிஎஸ் ஒரு முறை கீச்சென்று கத்திவிட்டு மெஷினோடு சேர்ந்து அணைந்தது. 600 என்று அதன் நெற்றியில் இருக்கிறதே என்றான். விஏ வேறு, வாட் வேறு. அந்தப் பெட்டி நிஜமாகத் தாங்குவது 360 வாட். புதுக் கார்டு முழு மூச்சில் ரெண்டர் அடிக்க, மானிட்டரும் சேர்ந்தால் அந்த எல்லையை முட்டிவிடும். பேட்டரிக்கும் வயதாகிவிட்டது. நல்லதாக, சைன் வேவ் தருகிறதாக வாங்கினால் இன்னொரு பத்தாயிரம் ஆகும் என்றேன்.

"மிச்சம் இருந்தா..." என்று ஆரம்பித்தான்.

பழைய எஸ்எம்பிஎஸ் ஸ்டூலின்மேல் கிடந்தது. சின்னமனூர் தம்பிக்கு எப்படித்தான் மூக்கு வியர்த்ததோ, மறுநாளே வந்துவிட்டார். தம்பி என்பது பழைய பழக்கம், தலை முழுக்க வெள்ளை. டிவிஎஸ் 50 போய் ஸ்கூட்டி வந்திருக்கிறது. சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைக் கமிஷன் கடை ஒன்றில் பில் போடுகிற கம்ப்யூட்டருக்கு வேண்டுமாம். கிராபிக்ஸ் கார்டு கிடையாது, மொத்தமே அறுபது எழுபது வாட் இழுக்கிற மெஷின். அதற்கு இது தாராளம், கொஞ்ச காலம் நிம்மதியாக ஓடும். தூசி தட்டி, ஃபேனுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் போடுவார். என் மனசுக்கும் அது நியாயமாகப் பட்டது. ஐநூறு ரூபாய் கொடுத்தால் கொடுத்துவிடலாம் என்று வாயெடுத்தேன்.

மாப்பிள்ளை முந்திக்கொண்டான். "அண்ணே, இது சாதா எஸ்எம்பிஎஸ் இல்ல. ஸ்டிக்கரைப் பாருங்க. 550 வாட்ஸ்."

"பழசுதானப்பா?"

"பழசுன்னா? இப்பத்தான் மீட்டர் வெச்சுப் பாத்தேன். கச்சிதமா 12.1 காட்டுது. ஆயிரத்து ஐநூறு குடுங்க."

"சரி, ஆயிரம். கேபிள் எல்லாம் சேத்துத்தான?"

"கேபிளுக்குத் தனிக் காசுண்ணே. வேற கம்பெனி கேபிள் மாட்டுனா எரிஞ்சிரும், மாமாவையே கேளுங்க."